ஏழு, ஆஜர்

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் பாப்பாவின் நலமும் அறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கூச்சமாக இருக்கிறது. உன் கூடப்பிறந்த அண்ணன் முந்தாநாள் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நீ பூட்டிவிட்டுப் போன வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாரம் ஒருமுறை போய்க் கதவு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றிவிட்டேன். உன் ஆபீசரின் ஸ்கூட்டரை வெளியே எடுப்பதில்லை. நின்ற இடத்திலேயே உதைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறேன். அவன் இருந்தால் சும்மா விடுவானா? 'மைக்செட்டுக்காரன் கை வெச்சா வண்டி பாட்டுதான் பாடும்' என்று மானத்தை வாங்கியிருப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போனோம். கோபித்துக்கொள்ளாதே. பத்தொன்பது வருஷமாகக் கோடை விடுமுறையின் கடைசி ஞாயிறு நம் மூன்று குடும்பமும் வாணவேடிக்கை விட்ட இடம். இந்த வருஷம் வெடி எதுவும் வாங்கவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று டிரைவர் கூப்பிட்டான். அவன் வீட்டில் நாலு பேர், நாங்கள் இரண்டு பேர். பாயை விரித்தோம். கொண்டுபோன சாப்பாட்டை யாரும் தொடவில்லை. இருட்டத் தொடங்கும்போது டிரைவரின் சின்ன மகள் பையிலிருந்து ஒரு புஸ்வாணத்தை எடுத்தாள். பெரியப்பாவுக்காக ஒண்ணே ஒண்ணு என்றாள்.

பழக்கம் விடுமா? அவள் அதை மணலில் வைத்ததும் டிரைவர் தன்னையறியாமல் 'ஒண்ணு' என்றான். உன் புருஷன் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பழக்கம்தானே இது. அங்கே கொதிகலனை மூட்டுவதற்கு முன்னால் ஆளெண்ணிக்கை எடுப்பார்களாம். அதையே நம் தலையிலும் கட்டினான். ஆளுக்கொரு எண், வரிசையாகச் சொல்லி ஒன்பது வந்த பிறகுதான் திரியில் நெருப்பு. ஆபீசர் என்று நாங்கள் பெயர் வைத்ததே இதனால்தான். அவன் மட்டும் வெறும் எண் சொல்லமாட்டான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மூக்கால் 'ஏழு, ஆஜர்' என்பான். ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

டிரைவர், அவன் மனைவி, இரண்டு பெண்கள், என் மனைவி, ஐந்து வரை வந்துவிட்டது. நான் ஆறு என்றேன். அடுத்து ஏழு வர வேண்டும். எல்லோரும் என் இடது பக்கத்தைப் பார்த்தார்கள், அவன் நிற்கிற இடத்தை. நானும் பார்த்தேன். என் தொண்டை தானாகக் கனைத்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன் அம்மா, இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவன் குரல் என் வாயிலிருந்து வந்திருக்கும்.

போன வருஷம் வந்தது.

எல்லோர் குரலிலும் நான் பேசுவேன் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு குழாய் வெடி எரியாமல் போனது. டிரைவர் மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் அடுத்ததை நட்டுவிட்டு எண்ணச் சொன்னான். ஆறு சொன்னேன், ஏழு வரவில்லை. தூறல் ஆரம்பித்திருந்தது, எனக்கு அவசரம். அவன் வண்டிப் பக்கம் போயிருப்பான் என்று நினைத்தேன். விளையாட்டாக, நானே கனைத்துக்கொண்டு 'ஏழு, ஆஜர்' என்றேன். நீ எட்டு என்றாய். பாப்பா ஒன்பது என்றாள். டிரைவர் கொளுத்தினான். எரியாத வெடியில் தண்ணீர் ஊற்றுவதற்காக உன் புருஷன் வாளியோடு மணல்மேட்டுக்குப் பின்னால் குனிந்திருந்தது ஒருவருக்கும் தெரியாது. வெடி அவன் பக்கமே பாய்ந்தது.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே. 'அண்ணா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, அவர் ஆஜர்னு சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?' நான், 'இல்லம்மா, எனக்கு எதுவும் கேக்கல' என்றேன். பக்கத்தில் நின்றவனே இப்படிச் சொன்ன பிறகு மற்றவர்களும் தங்கள் காதைச் சந்தேகித்தார்கள். கடைசியில் நீ ஒருத்திதான் கேட்டேன் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இல்லாத குரல் உனக்குக் கேட்கிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம். நானும் தலையாட்டினேன்.

நீ மாத்திரை சாப்பிட்டுப் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறாயாம். எட்டு என்று சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று சுவரைப் பார்த்துப் பேசுகிறாயாம். வருகிற திங்கட்கிழமை பெரிய மருத்துவமனையில் சேர்க்கப் போவதாக உன் அண்ணன் சொன்னார்.

போன ஞாயிறு ஏரிக்கரையிலேயே இதையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். டிரைவர் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். 'ஒரு வருஷமா நான்தான்டா அவனைக் கொன்னேன்னு தூங்காம கெடந்தேன். நீ என் பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சியேடா' என்று மட்டும் சொன்னான். பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புஸ்வாணம் மணலிலேயே இருந்தது. வீட்டு வாசலில் என் மனைவி, தனக்கு முன்பே தெரியும் என்றாள்.

என் பிழைப்பே எண்ணுவதுதான். கல்யாணமோ கூட்டமோ, போன இடத்தில் மைக்கைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு வருஷமாக ஆறுக்கு மேல் சொல்வதில்லை. ஆறில் நிறுத்தினால் பெட்டிக்குள்ளே யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல இருக்கிறது. அது ஸ்பீக்கர் இரைச்சல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிடுகிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. திங்கட்கிழமைக்குள் இந்தக் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடு, டாக்டரிடம் காட்டச் சொல். நேரில் வரச் சொன்னால் வருகிறேன், போலீசில் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். உனக்குப் பைத்தியம் இல்லை அம்மா. உன் காது நல்ல காது, கேட்டதைத்தான் கேட்டது. உன் எட்டில் ஒரு குற்றமும் இல்லை. பாப்பா பெரியவளானதும் அவளிடமும் இதைச் சொல், என் பெயரைச் சொல்லியே சொல்.

நீ எழுந்து உட்கார வேண்டும், பாப்பாவுக்கு உன் கையால் தலை வாரிவிட வேண்டும். அதற்காக வேண்டிக்கொள்கிறேன். அண்ணன் என்று கையெழுத்துப் போட எனக்கு இனி உரிமை இல்லை.

இப்படிக்கு,
ஆறு