ஜிர்காடாங் கேட் மூடும் நேரம்

தம்பி,

இன்று காலை என் வீட்டு வாசலில் உன் மகள் பிரின்சி உன் நீல வண்டியின் கதவைத் திறந்தாள். குப்பென்று அந்துருண்டை வாசம். எலி வந்து வயரைக் கடித்துவிடும் என்று மேரி சீட்டுக்கு அடியிலெல்லாம் உருண்டை போட்டு வைத்திருக்கிறாள். அகலமான சக்கரம், ரெட்டைப் புகைக்குழாய், மிதித்தால் சீறிக்கொண்டு போகும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சென்னையிலிருந்து வாங்கினாயே, அந்த வண்டிக்குள் இப்போது பட்டுப்புடவை பீரோ வாசம் அடிக்கிறது. நீ பார்த்திருந்தால் உன் பெண்டாட்டியை ஒரு வழி பண்ணியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீ ஒரு நாள்கூட ஓட்டிப் பார்க்காத வண்டி இது.

அவளுக்கு ரங்கத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது. பஸ்ஸில் போகமாட்டாளாம், அப்பா வண்டியில்தான் போவாளாம். மேரி சொல்லியும் கேட்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. கடைசியில், "மொத நாளு நீங்களும் கூட வாங்க அத்த" என்றாள். அந்த விபத்துக்குப் பிறகு உன் வண்டி எதிலும் நான் ஏறியதில்லை. ஆனால் ஈர ரோட்டில் அவளைத் தனியாக அனுப்பிவிட்டு ஜங்லிகாட் வீட்டில் நான் எப்படி நிம்மதியாக உட்கார்ந்திருப்பது? முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன்.

எல்லாம் அந்த கேட்டால் வந்த வினை. போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் போகிறவன் ஜிர்காடாங்கில் நின்றுதான் ஆகவேண்டும். அதற்கு அந்தப் பக்கம் ஜரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து, போலீஸ் காவலோடு, ஒன்றை ஒன்று முந்தாமல் கான்வாயாகத்தான் போகவேண்டும். கான்வாய் கிளம்பிவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும். அதனால் கேட் வரைக்கும் பறக்கிறது, கேட்டைத் தாண்டியதும் ஊர்கிறது என்று ஒரு பைத்தியக்காரப் பழக்கம் நம் தீவில் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் காலம் தள்ளியவள். ஜன்னலைச் சாத்துகிற நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவள். அந்தக் கூட்டத்தில் என் கூடப்பிறந்தவனும் ஒருத்தன் என்பதுதான் என் தலையெழுத்து.

அன்றைக்குச் சித்தி பேத்தி முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ரங்கத் கிளம்பினோம். விடியுமுன்னே நான் சேலை கட்டி ரெடியாக நின்றேன். நீதான் யாரோ ஒரு மீன்காரருக்கு டிங்கிப் படகு என்ஜின் புரொபெல்லர் கொண்டுபோகவேண்டும் என்று உன் உதிரிபாகக் கடையைத் திறந்து உருட்டிக்கொண்டிருந்தாய். கிளம்பும்போதே நேரமாகிவிட்டது. பெராரகஞ்ச் தாண்டியதும் தூறல். ரொம்ப நாள் காய்ந்து கிடந்த ரோட்டில் முதல் மழை. நான் மெதுவாகப் போகச் சொன்னேன்.

"சும்மா வாக்கா, கேட்டப் பிடிச்சிரலாம். டயரப் பாத்தல்லா, பட்டன் புதுசு கணக்கா நிக்கி" என்றாய்.

இறக்கத்தில் ஒரு வளைவு. நீ பிரேக்கை மிதித்தாய். வண்டி நிற்கவில்லை. சோப்புத் தண்ணீரில் கால் வைத்ததுபோல நேராகப் போனது. நீ ஸ்டியரிங்கை ஒடித்தாய், அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. பாக்கு மரத்தில் இடித்து, ஓடையில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது. எனக்கு மணிக்கட்டு உடைந்தது. உனக்கு நெற்றியில் புடைப்பு. கதவைப் பிடித்து இழுத்து என்னை வெளியே கொண்டுவந்தாய்.

"கையி வலிக்காக்கா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு வாட்சைப் பார்த்தாய். "ஏதாச்சும் பஸ்ஸு வந்தா ஏறிக்கிடலாம். இன்னும் கேட்டு மூடியிருக்க மாட்டான்."

எனக்கு வந்த கோபத்தில், உடையாத கையால் உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஐம்பது வயதை நெருங்குகிற ஆம்பளை, ரோட்டில் அக்காவிடம் அடி வாங்கிக்கொண்டு நின்றாய்.

நீ ஒன்றும் கற்றுக்கொள்ளாதவன் என்று சொல்லமாட்டேன். அது நியாயமில்லை. வண்டியை இழுத்து வந்ததும் டயரில் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தாய். நகம்தான் மடங்கியது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களைக் கோயில் வாசலில் நிறுத்திவைத்து, உபதேசியாரைவிட அதிகமாகப் பேசினாய். "நம்ம தீவுல வண்டி ஓடுத தூரம் கம்மி. பட்டன் தேயாது. ஆனா வெயில்லயும் உப்புக் காத்துலயும் ரப்பரு கல்லாப் போயிருது. சைடுல வருசம் போட்டிருக்கான், அதப் பாருங்கடே" என்று ஒவ்வொருத்தன் வண்டியையும் குனிந்து பார்த்தாய். உன்னால் ஜங்லிகாட்டில் பல பேர் டயர் மாற்றினார்கள். அதெல்லாம் சரி. ஆனால் டயர் பாதிக் காரணம்தானே? கல்லான டயரோடு மெதுவாகப் போயிருந்தால் நாம் புதுநன்மைச் சாப்பாடு சாப்பிட்டிருப்போம். மீதிப் பாதியைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. நான் திறந்தால், பேச்சை மாற்றினாய்.

அப்புறம்தான் அந்தச் செய்தியைச் சொன்னாய். இன்னும் வேகமான வண்டி வாங்கப் போகிறாயாம். என் கையில் கட்டுப் பிரித்துச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அதுல பிரேக்கு நல்லா இருக்கும்க்கா. ஆனா எடுத்த ஒடனே ஓட்ட மாட்டேன். மொதல்ல பழைய வண்டில ஈரத்துல ஓட்டிப் படிச்சிட்டுத்தான் அதத் தொடுவேன்" என்றாய்.

படிக்கவும் செய்தாய். மின்னி பே கடற்கரைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு கோடவுன் முன்னால் பெரிய சிமெண்டுத் தரை. மழை பெய்கிற ஞாயிறு எல்லாம் நாம் அங்கே. நான் குடையோடு ஓரத்தில், நீ பழைய வண்டியில். பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தாய். முதல் நாள் ஒரு குடமும் தப்பவில்லை. "இம்புட்டு முன்னாடியே பிரேக்கத் தொடணுமாக்கா!" என்று வாயைப் பிளந்தாய். என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னாய். ஆள் எடை இல்லாமல் பழகினால் அது பழக்கமே இல்லையாம். நான் மறுத்துவிட்டேன். மறுவாரம் ஒரு அரிசி மூட்டையைக் கொண்டுவந்து பெல்ட் போட்டு உட்காரவைத்தாய். குடம் எடுத்துவைக்கிற பிள்ளைகள், "அக்கா எப்பிடி இருக்கா?" என்று உன்னைக் கேட்க, நீ மூட்டையைத் தட்டி, "பேசாம இருக்கா, அதான் நிம்மதி" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனாலும் நான் இறங்கிவரவில்லை. "ஏலே, பிரேக்கு போடப் படிச்சது போதும். கேட்ட விடப் படி. இன்னைக்கி நேரமாயிட்டு, அடுத்த கான்வாய்ல போவோம்னு என்னைக்கி உனக்குத் தோணுதோ, அன்னைக்கி உன் வண்டில ஏறுதேன்."

"கேட்ட விட்டா அர நாளு போச்சுக்கா. ரங்கத்துல ஆளு காத்துக் கெடப்பான்."

"கெடக்கட்டும்."

நீ குடங்களைப் பொறுக்கப் போனாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் எரியவைத்தது. நீ முன்பைவிட அதிகமாகக் கேட்டைத் தவறவிட ஆரம்பித்தாய். மேரி என்னிடம் புலம்புவாள். நான் போன் போட்டால், "கேட்டு போயிட்டுக்கா, அடுத்ததுலதான் போவணும்" என்பாய். இவ்வளவு பட்டும் இவன் நேரத்தோடு கிளம்ப மாட்டேன் என்கிறானே, பறந்து போயும் பிடிக்க முடியவில்லையே என்று நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கும்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாய். திரும்பி வரவில்லை. உனக்கு நினைவுப் பூசை வைத்த அதே வாரத்தில் உன் நீல வண்டி கப்பலில் வந்து இறங்கியது. மேரி அதை விற்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. தார்ப்பாய் போட்டு மூடிவைத்தாள். இப்போது பிரின்சி புது டயர் போட்டு எடுத்துவிட்டாள்.

இன்று பெராரகஞ்ச் தாண்டியதும் மழை பிடித்தது. பிரின்சி வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்த டூரிஸ்ட் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. எல்லாருக்கும் கேட்டைப் பிடிக்கவேண்டும். அவள் அசையவில்லை. அந்த வளைவு வந்ததும், "இங்கதான அத்த?" என்றாள். ம் என்றேன். என் வலது கால் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி பூப்போலத் திரும்பிப் போனது. அப்பாடா என்று மூச்சு விட்டவள், மறுநிமிடம் வாட்சைப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தத் தீவின் பழக்கம் என்னையும் விடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது.

"அரே, டென்ஷன் மத் லோ அத்த. டீ குடிப்போம்" என்று பிரின்சி இறங்கினாள்.

பக்கத்தில் ஒரு பெங்காலி அம்மாவின் டீக்கடை. எல்லாரும் அவளைத் தீதி, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தத் தீதி டீயைக் கொடுத்துவிட்டு பிரின்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தும் வோ இஞ்சின் பார்ட்ஸ்வாலா தாதா கா பேட்டி ஹை க்யா?" என்று கேட்டாள். அந்த உதிரிபாகக்கார அண்ணனின் மகளா என்றாள். ஆமாம் என்றதும், உன்னை ஏன் ரொம்ப நாளாகக் காணோம் என்று விசாரித்தாள். பிரின்சி சொன்னாள். தீதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தன் ஹிந்தியில் எங்களிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

கேட் திறந்திருக்கும்போதே நீ வந்துவிடுவாயாம். வரிசையில் இடமும் இருக்குமாம். ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து இந்தக் கடையில் உட்காருவாயாம். கான்வாய் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாயாம். முதல் தடவை உன்னால் உட்காரவே முடியவில்லையாம். எழுந்து எழுந்து போய் வண்டிக் கதவைப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தாயாம், நகத்தைக் கடித்தாயாம். விபத்தில் தலையில் அடிபட்டு ஏதோ ஆகிவிட்டது என்று தீதி நினைத்தாளாம். ஏன் தாதா போகவில்லை என்று கேட்டதற்கு, "ப்ராக்டிஸ் கர்தா ஹூன், தீதி" என்றாயாம். கேட்டை விட்டுப் பழகுகிறேன் என்று. கடைசியாக வந்தபோது கேட் மூடுகிற சத்தம்கூடக் கேட்காமல் வண்டியில் காலை நீட்டித் தூங்கிவிட்டாயாம்.

பிரின்சி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது. அந்த நேரத்தில் நீ எதிரில் நின்றிருந்தால் முதுகில் இன்னும் ஒன்று வைத்திருப்பேன். போனில் நான் அவ்வளவு திட்டினேனே, அப்போது சொல்வதற்கு என்ன? புது வண்டி வரட்டும், அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்லி அக்கா மூக்கை உடைப்போம் என்று வைத்திருந்தாய். அப்படித்தான் இருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட உனக்கு நேரம் இருந்ததாக்கும். வாழ்நாளெல்லாம் அவசரப்பட்டவன், இந்த ஒரு விஷயத்தில்தானா நிதானமாக இருக்கவேண்டும்?

மறுபடி கேட் திறந்து, வரிசையில் நின்று, காட்டுக்குள் மெல்லப் போனோம். ரங்கத் வரை உன் மகள் ஓட்டியதில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன்னிடம்தான் சண்டை போட்டுக்கொண்டே போனேன். இங்கே வந்து சேர்ந்தும் ஓயவில்லை. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கேட்ட விடப் படிச்சிட்டேன்க்கான்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்லாலே. நான் ஏறி உக்காந்திருப்பேனே.