வியாழக்கிழமை நெருப்பு

எருசலேம்
செவ்வாய், 20 மார்ச் 1990
தோரா வேதத்தில் 'வயக்ஹேல்' பகுதி வாசிக்கும் வாரம்

அன்புள்ள திர்ஸா அக்காவுக்கு,

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னிடம் சொல்லாதது இது: தொலைபேசி அடித்தது எனக்குக் கேட்டது. அடிப்பது நீதான் என்றும் தெரியும்.

"சனிக்கிழமை ஓய்வுநாள், அக்கா. போனை எடுக்க மாட்டேன்னு உனக்கே தெரியுமே" என்று மட்டும் சொன்னேன். மதத்தோடு யார் சண்டை போடுவது என்று நீயும் விட்டுவிட்டாய். அந்தச் சௌகரியத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் ஒளிந்திருந்தேன்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை நீ சொன்னது நினைவிருக்கிறதா? "இருபத்தொன்பது வயசாச்சு. உலகத்துல இருக்கிற புத்தகமெல்லாம் படிச்சுட்டே. ஒரு ஆம்பளையையும் புரட்டிப் பாரேன்டி!" நான் சிரித்தேன். ரிசீவரை வைத்த பிறகு அழுதேன். சனிக்கிழமை பத்து மணிக்கு அடித்தபோது, 'அடிக்கட்டும்' என்று உட்கார்ந்திருந்தேன். ஆறாவது முறைக்கு மேல் பயம் வந்தது. அப்போதும் எழவில்லை. பதினோரு முறை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறியே ஆகவேண்டும் என்பதுதான் சட்டம். பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

அம்மா போனை எடுக்கவில்லை என்றுதான் நீ என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். எடுத்திருந்தால் ஓடியிருப்பேன், அம்மா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இடுப்பு முறிந்து குளியலறைத் தரையில் கிடந்தவள், நீ ஹைஃபாவிலிருந்து கார் ஓட்டி வந்து கதவைத் திறக்கும் வரை கிடந்தாள்.

இந்த வாரப் பகுதியில், ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பு மூட்டாதீர்கள் என்று வருகிறது. அது கோபத்துக்கும்தான் என்று விளக்கம் சொல்வார்கள். பதினைந்து வயதிலிருந்து ஓய்வுநாளில் நான் தீக்குச்சி உரசியதில்லை. வியாழக்கிழமை எனக்குள் பற்றிய கோபத்தை மட்டும் சனிக்கிழமை வரை அணையாமல் ஊதிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன் வீட்டுக்குப் போன அம்மா எருசலேமுக்குத் திரும்பவேண்டும் என்று உன்னை நச்சரிக்கிறாளாம். என்னோடு வந்து இருக்கட்டும் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் அதைக் கேட்கக் கை வரவில்லை.

உன் தங்கை,
யிஸ்கா


ஹைஃபா
செவ்வாய், 27 மார்ச்

யிஸ்கா,

மூன்று வாரமாக உன் கடவுளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லையாம்.

நான் சொன்னது அசட்டுப் பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அம்மாவின் இடுப்பா?

அவளை உன்னிடம் விடமாட்டேன். எனக்கு என் வாயைத் தெரியும். இன்னொரு நாள் எதையாவது உளறுவேன், நீ மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்காருவாய், அவள் கதி என்ன?

இப்போது நடைபழகும் இரும்புச் சட்டத்தைப் பிடித்து நான்கு அடி வைக்கிறாள். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம், "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, இல்லை எல்லார் காலையும் இப்படித்தான் முறுக்கிக்கிட்டுத் திரியறியா?" என்று கேட்கிறாள். உன் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். தரையில் கிடந்தது நான் இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒழுங்காகச் சாப்பிடு. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குச்சி மாதிரி இருந்தாய்.

திர்ஸா


எருசலேம்
செவ்வாய், 3 ஏப்ரல்
'ட்ஸாவ்' வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் வந்தேன். பலிபீடத்தில் புது விறகு அடுக்கும் முன்னால் ஆசாரியன் நேற்றைய சாம்பலை அள்ளி, நல்ல அங்கியைக் கழற்றிவிட்டு, வேறு உடுப்பில் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று இந்த வாரம் படிக்கிறோம். அந்த வேலைக்கு வேறு ஆளை அனுப்ப முடியாது என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மணி அடிச்சது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"எத்தனை தடவை?"

"பதினொண்ணு."

பட்டாணியை ஓரமாக வைத்தாள். "எனக்குத் தொண்டை வறண்டு போச்சுடி. தலைக்கு மேல குழாய் சொட்டுது, கை எட்டலை" என்றாள்.

அவள் ஓரமாக வைத்த பட்டாணியை எடுத்து நான் உரிக்க ஆரம்பித்தேன்.

பிறகு அவளே, "நாலு மணி நேரம். உங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்தித் திட்டிக்கிட்டுக் கிடந்தேன். பொழுது போகணுமே! உன்னைக் கொஞ்சம் கூடவே திட்டினேன், பக்கத்துல இருக்கிறவளாச்சேன்னு. இப்பப் பார்த்தா அது வீண் போகலை" என்றாள். சிரிக்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். பாதி சிரித்தாள்.

"போய் டீ போடு. அக்கா கோப்பையில நீ குடிக்கமாட்டே, உன் வேதச் சுத்தம் போயிடும். மேல்தட்டுல புதுக் கண்ணாடி டம்ளர் இருக்கு."

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. டீ போட்டேன். சர்க்கரை பத்தாது என்றாள்.

யிஸ்கா


ஹைஃபா
வியாழன், 19 ஏப்ரல்

யிஸ்கா,

சாம்பல் அள்ள அவ்வளவு ஆசை என்றால் பாஸ்கா பண்டிகைக்கு வீடு சுத்தம் பண்ணும்போது என் அடுப்பைத் துடைக்க வந்திருக்கலாம். விருந்தன்று, என் பாத்திரத்தில் சாப்பிடக்கூடாது என்று அவித்த முட்டையும் காகிதத் தட்டுமாக வந்து, மேஜைக் கோடியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தாய்.

நேற்று அம்மா சொன்னாள்: "அவ தானா வந்து சொன்னாடி. நீ இருபது வருஷமா அந்தக் கண்ணாடி அலமாரியை நாய் உடைச்சதுன்னு சொல்லிக்கிட்டிருக்கே."

நாய்தான் உடைத்தது.

என் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்துவிட்டாள். ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை, அவளை உன் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். குளியலறையில் கால்மிதி கூடாது. சுவரில் இரண்டு கைப்பிடி வேண்டும், ஆள் பிடித்து உறுதியாக அடிக்கச் சொல். ரத்த அழுத்த மாத்திரை காலையில். விழுங்கிவிட்டேன் என்பாள், நம்பாதே, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்.

என்மேல் கோபம் வந்தால் அன்றைக்கே போன் பண்ணிக் கத்து. சனிக்கிழமைக்குச் சேர்த்துவைக்காதே.

திர்ஸா


எருசலேம்
வியாழன், 3 மே
'கெதோஷிம்' வாரம்

அன்புள்ள திர்ஸா அக்காவுக்கு,

'உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, நேருக்கு நேர் கடிந்துகொள்' என்று இந்த வாரப் பகுதியில் வருகிறது. நீ படிக்காமலேயே போன கடிதத்தில் எழுதிவிட்டாய். ஆகவே, நேருக்கு நேர்: ஆம்பளையைப் புரட்டிப் பார்க்கச் சொன்னது வலித்தது. இனி அப்படிப் பேசாதே.

அம்மாவுக்கு என் கட்டில் பிடித்துவிட்டது. நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். மாத்திரை விழுங்குகிறாள், நாக்கைத் தூக்கச் சொன்னால் உன்னைத் திட்டுகிறாள்.

நேற்று மாலை யாரும் பிடிக்காமல் தானே குளித்தாள். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம் ஆயிற்று. துண்டை மறந்திருந்தாள், கூப்பிட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.

யிஸ்கா