கம்ப்ரசர் ஓடாத நாள்

அக்கா,

மின்விசிறியை நிறுத்துவது என்ற முடிவு நேற்று மாலை எடுக்கப்பட்டது. ஒரு வாரமாகவே இது குறித்து வீட்டில் ஆலோசனை நடந்துவந்தது. நிறுத்தினால் கொசு வரும், ஓடவிட்டால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும் என்று இரு தரப்பிலும் வலுவான வாதங்கள் வைக்கப்பட்டன. வாதாடியவனும் கேட்டவனும் தீர்ப்புச் சொன்னவனும் நான் ஒருவனே என்பதால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஒசூரில் குளிர்காலம் தொடங்கிவிட்டதாக அறிவித்தேன். மறுப்புச் சொல்ல ஆளில்லை.

அடுத்த நடவடிக்கையாக, அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீங்கள் விற்ற ஸ்வெட்டரை எடுத்தேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த தார்ப்பாயின் வாசனை இன்னும் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, திபெத்தியர் ஸ்வெட்டர் கடைகள் வரிசையாக நிற்கும் அந்த நடைபாதையில், உங்கள் கடையின் நீலத் தார்ப்பாய். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதை வாங்க வந்த அன்று, "இமயமலைச் சரக்கா?" என்று கேட்டேன். நாலு புத்தகம் படித்தவன் கேட்கும் கேள்வி.

"லூதியானா சரக்கு சார். இமயமலைல எவன் மில்லு வெச்சிருக்கான்?" என்றீர்கள்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் அதே கேள்வியைக் கேட்டார். "ஆமாம்மா, ஒரிஜினல் இமயமலை. கைய வெச்சுப் பாருங்க, எப்படி இருக்குது" என்றீர்கள், கண் இமைக்காமல். அவர் இரண்டு எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஏன் உண்மையைச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அந்தம்மா வாங்க வந்தாங்க. நீங்க பேச வந்திருக்கீங்க."

தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் குறை எங்கே என்று சொல்லிவிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்னை அப்படி எடுத்துப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் நீங்கள். உங்களைவிட நான் இரண்டு வயது மூத்தவன் என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் 'அக்கா' நிலைத்துவிட்டது.

வியாபாரம் மந்தமான நேரங்களில் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து நீளக் கழுத்துள்ள ஒரு வாத்தியத்தை எடுப்பீர்கள். டிரான்யென், உங்கள் ஆட்களின் ஆறு தந்தி வீணை. அதை மீட்டிக்கொண்டு நீங்கள் பாடிய பாட்டைக் கேட்டு, ஏதோ மடாலயத்தின் பழைய பிரார்த்தனை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும் பொருள் கேட்டேன். மைசூருக்கு அப்பால் உங்கள் அகதிக் குடியிருப்பில், மக்காச்சோளக் காட்டில் யானை விரட்டும்போது உங்கள் அப்பா கட்டிய பாட்டாம். 'போ, மாமா, போ. உன் வயிறு நிறைந்தது, என் வயிறு காலி. இன்னும் நின்றால் உன் அம்மாவைப் பற்றிச் சொல்லுவேன்.' அந்தக் குடியிருப்பிலேயே பிறந்தவர் நீங்கள். பனி பெய்வதைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் தமிழில் பாதி கன்னடம், மீதி எங்கள் பேருந்து நிலையம்.

முகாசாவை நான்தான் அழைத்துவந்தேன். உகாண்டாவிலிருந்து மருந்தியல் படிக்க வந்து, விடுதியில் தமிழும் கற்றுக்கொண்டவன். தேவாலயத்தில் ஆங்கிலப் பூசைக்கு வருவான். பாடகர் குழுவில் நான் வயலின் வாசிக்கும்போது முன் பெஞ்சில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். அறையில் எங்கலாபி என்ற நீள முரசு ஒன்று வைத்திருந்தான். அதை அடிக்கக்கூடாது என்று விடுதியில் தனியாக ஒரு விதியே எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு மாலை உங்கள் கடையில் அவனுக்கு ஸ்வெட்டர் அளவு பார்த்தீர்கள். எந்த அளவும் தோளைத் தாண்டவில்லை. "இவனுக்கு ஸ்வெட்டர் இல்ல, தார்ப்பாய்தான்" என்றீர்கள். அவன் சிரித்துக்கொண்டே மூட்டையின் மேல் தட்ட ஆரம்பித்தான். நீங்கள் வாத்தியத்தை எடுத்தீர்கள். திபெத்திய, இந்திய, ஆப்பிரிக்க இசை மரபுகளின் சந்திப்பு இவ்வாறு, லூதியானா ஸ்வெட்டர் மூட்டையின் மீது நிகழ்ந்தது.

இடம்தான் இல்லை. உங்கள் வாடகை அறையில் ஸ்வெட்டர் விற்கும் பெண்கள் இன்னும் மூவர். என் வீட்டுக்காரருக்கு இரத்த அழுத்தம். கடைசியில் மூக்கண்டப்பள்ளியில் பட்டறை வைத்திருந்த முனிராஜ் பின்பக்கத்து ஷெட்டைத் தந்தார். எங்கள் தொழிற்சாலைக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்து கொடுப்பவர். அவர் கொண்டுவரும் சரக்கில் பாதியை நான் திருப்பி அனுப்புவேன். அதற்காக அவர் என்னை வெறுத்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பாட்டுப் பிடிக்கும்.

ஷெட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர். மோட்டார் ஓடித் தொட்டியில் காற்றை அடைக்கும். தொட்டி நிறைந்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தம்; நின்றுவிடும். காற்றுக் குறைந்ததும் மறுபடி ஓடும். முதல் நாள் சுருதிக்காகக் கைப்பேசியில் தம்புரா செயலியைப் போட்டுப் பார்த்தோம். கெட்டிமேளத்தின் நடுவே மந்திரம் சொல்பவரைப் போல அது வாயை மட்டும் அசைத்தது. "எதுக்கு சார் அதோட சண்ட? சும்னே இருங்க" என்று சொல்லி, கம்ப்ரசரின் ரீங்காரத்துக்கே உங்கள் தந்திகளைக் கூட்டினீர்கள். நானும் வயலினை அதற்கே சேர்த்தேன்.

பிறகு பாட்டும் அதன் வழிக்கு வந்தது. கம்ப்ரசர் ஓடும்போது நீங்களும் நானும். 'புஸ்' என்றால் நாங்கள் நிறுத்த, முகாசா தனியாக வாசிப்பான். மோட்டார் மறுபடி பிடித்தால் மூவரும். அடுத்த 'புஸ்' வந்தால் முடிப்பு. யாரும் யாருக்கும் சைகை காட்ட வேண்டியதில்லை. இவ்வளவு கச்சிதமாக முடிக்கும் குழு பெங்களூரிலேயே கிடையாது என்று நான் நம்பினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ஷெட்டுக்கு வந்தேன். வீட்டில் இதைக் கவனித்தவர் எவருமில்லை.

தை பிறந்ததும் மூட்டை கட்டினீர்கள். அப்போதுதான் சொன்னீர்கள்:

"அடுத்த வருசம் வரமாட்டேன் சார். எல்லாரும் போன்லயே ஸ்வெட்டர் வாங்கிக்கறாங்க. பஸ் சார்ஜுக்கே கட்டுப்படி ஆகல. ஊர்லயே தம்பி பொண்டாட்டிகூட சண்ட போட்டுக்கிட்டு உக்காந்துக்கறேன்."

நான் தலையாட்டினேன். பொருளாதாரம் சரியாகவே இருந்தது. ஆனால் நீங்கள் வராவிட்டால் இந்த ஊரில் எனக்குப் பேசுவதற்கு ஓர் இடம்கூட இல்லை என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

வழி கண்டவர் முனிராஜ். பாகலூர் சாலையில் ஒரு ரிசார்ட். அதன் மேலாளர் இவருக்குப் பழக்கம். குளிர்கால சனிக்கிழமைகளில் விருந்தினர்களுக்கு 'மனசுக்கு அமைதி தர்ற மாதிரி' இசை வேண்டுமாம். "நம்ம பட்டறை ஆயுத பூஜைக்கு வரச் சொல்றேன் சார். நீங்க வாசிங்க. அவரு கேக்கட்டும். அவரு சரின்னுட்டா சீசன் பூரா புரோகிராம். அக்காவும் வருசா வருசம் வரலாமில்ல?" என்றார். உங்களுக்குப் போன் போட்டேன். ஸ்வெட்டர் விற்காத வெயிலிலேயே கிளம்பி வந்தீர்கள். தினமும் மாலையில் பயிற்சி செய்தோம். முனிராஜ் ஒரு பிளக்ஸ் அடித்தார்: 'மூன்று கண்டங்களின் இசைச் சங்கமம்.' திபெத்தைத் தனிக் கண்டம் என்று அவர் நினைத்திருந்தார். அச்சாகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டோம்.

தொழில் நகரத்தில் பல வருடம் இருந்தவன் நான். முனிராஜ் பட்டறைக்கே சொந்தக்காரர். முகாசாகூட இரண்டு ஆயுத பூஜைகளுக்குப் பொரி சாப்பிட்டிருக்கிறான். ஆயுத பூஜை என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் போனபோது கம்ப்ரசரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. பட்டறையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. தெருவிலும் ஓடவில்லை. மூக்கண்டப்பள்ளி முழுவதும் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

முகாசாதான் முதலில் கண்டுபிடித்தான். "அங்கிள், மோட்டார் போடமாட்டாங்களா?"

முனிராஜைக் கேட்டேன். "இன்னைக்கா? சாமி குத்தம் ஆயிடும் சார். அதுக்கு இன்னைக்கு லீவு" என்றார், அதிர்ச்சியோடு.

ஆரம்பித்தோம். ரீங்காரம் இல்லாமல் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் கேட்டோம். என் வயலின் ஓரிடத்திலும் உங்கள் தந்திகள் வேறோரிடத்திலும் இருந்தன. பருவம் முழுவதும் அப்படித்தான் இருந்திருக்கும். கம்ப்ரசர் பெரிய மனதோடு மூடி வைத்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை. 'புஸ்' வரவில்லை. முகாசா தன் முறைக்காகக் காத்திருந்தான். நான் நிறுத்துவதற்காகக் காத்திருந்தேன். நீங்கள் யானையை விரட்டினீர்கள், அது போகவில்லை, மறுபடி விரட்டினீர்கள். பொரிப் பொட்டலங்கள் தீர்ந்தன. பூசணிக்காய் உடைக்கக் கையில் வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கி வைத்தார். மூவரும் மாலை போட்ட கம்ப்ரசரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் உங்களுக்கு இருமல் வந்ததால் பாட்டு முடிந்தது.

ரிசார்ட் மேலாளர் மரியாதையானவர். என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "சார், இது ஒரு பாட்டா, எல்லாப் பாட்டுமா?" சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தகரத் தடுப்பில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தோம். முகாசா முரசைக் கவிழ்த்து வைத்தான். இனி அக்கா வரமாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பொரியில் பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றீர்கள். பிறகு சொன்னீர்கள்:

"இத்தன நாளு மெஷின பாத்து வாசிச்சிருக்கோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவேயில்ல."

"இனிமே என்ன அக்கா?" என்றான் முகாசா.

"ஞாயித்துக்கெழம பட்டறை லீவுதானே? அன்னைக்கு வாங்க. முடிக்கணும்னா என்னப் பாருங்க. நான் தலைய ஆட்டறேன்."

ஞாயிறுதான் உங்களுக்கு வியாபார நாள். கெலமங்கலத்திலிருந்தும் மத்தூரிலிருந்தும் குடும்பத்தோடு வந்து வாங்குவார்கள். அந்த நாளின் முற்பகலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஷெட்டுக்கு வந்தீர்கள். முதல் வாரங்களில் எனக்கு நிமிர்ந்து பார்க்கவே வரவில்லை. வாசிக்கும்போது ஒரு மனித முகத்தைப் பார்ப்பது இவ்வளவு கூச்சமான காரியம் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. "சார், நான் என்ன போலீஸா?" என்பீர்கள். மார்கழியில் ஒரு ஞாயிறு, நிமிர்ந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், முகாசாவைப் பார்த்தீர்கள், தலையை லேசாக அசைத்தீர்கள். மூவரும் ஒரே இடத்தில் நின்றோம். தெருவில் யாரோ பால்காரர் சைக்கிளை நிறுத்தியிருந்தார் போலிருக்கிறது. அவர் மறுபடி மிதித்துப் போகும் சத்தம் கேட்டது. பேசினால் கெட்டுவிடும் என்று நான் நினைத்தேன். நீங்கள், "பசிக்குது" என்றீர்கள்.

அந்தத் தையில் பேருந்து ஏறும்போது, "ரிசார்ட்டுக்காரரு வேணாம். அடுத்த வருசமும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள்.

ஊருக்குப் போனால் அவசியமில்லாமல் போன் பேசமாட்டீர்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புது நம்பர். அதனால் பழைய நம்பர் அணைந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. முகாசா படிப்பை முடித்துக் கம்பாலாவுக்குப் போய்விட்டான். நான் காத்திருந்தேன். தார்ப்பாய்கள் வந்த அன்றே பேருந்து நிலையத்துக்குப் போனேன். உங்கள் இடத்தில் வேறொரு பெண் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"நாதினியா?" என்று, நாத்தனாருக்கான கன்னடச் சொல்லால் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "அவங்க இல்லிங்க சார். மழ ஆரம்பிச்சப்ப ஜுரம் வந்துச்சு. நாலு நாளுல போயிட்டாங்க. நான் அவங்க தம்பி சம்சாரம்." கையிலிருந்த ஸ்வெட்டரை மடித்து வைத்தார். "எங்கூட சண்ட போடறதுக்கு இப்ப வீட்ல யாருமில்ல" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன சைஸு?" என்று கேட்டார்.

முகாசாவுக்குப் போனில் சொன்னேன். "சரி அங்கிள்" என்றான். அதற்குப் பிறகு அவன் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

ஷெட் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முனிராஜ் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் யானைப் பாட்டை வயலினில் வாசிக்கிறேன். சுருதி இப்போது சரியாக நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கும் பழக்கமும் நன்றாக வந்துவிட்டது, அக்கா. முடிக்கும் இடம் வந்ததும் தானாகவே தலை நிமிர்கிறது. எதிரே தகரம்தான்; அது தலையாட்டாது. முதலிலிருந்து மறுபடி எடுக்கிறேன்.

நான் சாப்பிடும் மெஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிக்கு மூடிவிடும். போன வாரம் நான் போனபோது மூடியிருந்தது.