சுக்குக் கிடங்குக்குப் போன ஆல்பா ஒன்று

அடியே,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்ததும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எந்தா மேடம், பாம்போ?" என்று ஒருவர் கேட்டார். பாம்பு வந்திருந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேன். ஏன் கத்தினேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தி, அன்றைய வேலையையும் முடித்துவிட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தேன். அலமாரியின் மேல்தட்டில் உன் வீட்டுக் குக்கர் இருக்கிறது. கைப்பிடி உடைந்தாயிற்று, ரப்பர் வளையம் கட்டையாகிவிட்டது. மூடியில் உன் அப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியது மட்டும் அப்படியே இருக்கிறது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நாம் ஜெயித்த கதையை ஒரு தடவை உன்னிடமே சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

மட்டாஞ்சேரியில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலு சந்து. எங்கள் வீட்டில் பாலக்காட்டுத் தமிழ், உங்கள் வீட்டில் மதுரைப் பக்கத்துத் தமிழ், பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் மலையாளம். உன் அப்பா பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினார். உன் அம்மா அதே கிடங்கின் முற்றத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார். நாம் படிப்பை முடிக்கும் சமயத்தில் அப்பாவின் கால் தடுமாற ஆரம்பித்தது. தோள் தானாகத் துள்ளும். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சாயா கிளாஸ் கையில் நிற்காது. பட்டப்பகலில் ஆடி ஆடி வருகிற மனிதரைத் தெரு என்ன சொல்லும்? காலையிலேயே கள்ளு ஷாப்பில் ஏறிவிட்டார் என்றது. கிடங்கின் மூப்பன், அதாவது ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர், "குடியன்மார்க்கு இவிடே பணியில்ல" என்று சொல்லி அவர் தலையில் மூட்டை வைப்பதையே நிறுத்திவிட்டார். அப்பா ஒரு துளி தொட்டவரில்லை.

தெரு சொன்னது போகட்டும். உன் அம்மாவும் நம்பிவிட்டார், அதுதான் உன்னைக் கொன்றது. "எங்க ஒளிச்சு வச்சுக் குடிக்கிற, அந்த எடத்தக் காட்டுய்யா" என்று அடுக்களை முழுக்கத் தேடுவார். ஓணத்துக்கு அப்பா ஆசையாக வாங்கிப் பெயர் வெட்டிக் கொண்டுவந்த குக்கர் பரணுக்குப் போயிற்று. சோற்றுத் தட்டைத் தரையில் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஒரு நிமிசம் அடங்கி உக்காருய்யா!" என்று அவர் போடும் சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்கும். அப்பாவுக்கு அடங்கி உட்கார முடியவில்லையே என்று அந்த வீட்டில் நினைத்தது நீ ஒருத்திதான்.

பிறகு ஒரு டாக்டர் பார்த்து ஹண்டிங்டன் நோய் என்று எழுதிக் கொடுத்தார். பரம்பரையாக வருவது, பிள்ளைகளுக்கு வரவும் வராமலிருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார். உன் அம்மா அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். "டாக்டரு காயிதத்துல எத வேணா எழுதுவாரு. அவரா வந்து இந்த மனுசன்கூடக் குடும்பம் நடத்துறாரு?"

அப்பா இறந்தபோது நான் எறணாகுளத்தில் ஆராய்ச்சி மாணவி, நீ அதே கூடத்தில் டெக்னீஷியன். பாடை கட்டுகிற இடத்தில் போய் நின்று, அப்பாவின் மூளையை ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும் என்றாய். சித்தப்பாமார் குதித்தார்கள். உன் அம்மா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் சொன்னார்: "எடுத்துட்டுப் போகட்டும். அந்தத் தலதான என் மானத்த வாங்குச்சு." மறுநாள் பஸ் தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது என் காதில் சொன்னாய்: "அம்மா கண்ணால பாக்குற மாதிரி ஒண்ணு வேணும்டி. காயிதம் வேணாம்."

நமக்குக் கிடைத்த வழி ஆல்பா ஒன்று. மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. ஒரு செல் அதை அனுப்பினால், வாங்குகிற செல்லுக்கு "சும்மா இரு" என்று அர்த்தம். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் ஐந்து துண்டுகள், அதாவது ஐந்து துணையலகுகள், கைகோத்தாற்போல வட்டமாக நிற்கும். ஆல்பா, பீட்டா, காமா என்று அவற்றில் பல குடும்பம்; ஆல்பா குடும்பத்தின் முதல் ஆள்தான் ஆல்பா ஒன்று. எந்தக் குடும்பத்து ஆட்கள் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏற்பியின் குணம் மாறும். சாராயம் போய் வேலையைக் காட்டுகிற இடங்களில் இந்த ஏற்பியும் ஒன்று, அந்த வேடிக்கையை என்ன சொல்ல. ஹண்டிங்டன் நோயில் "சும்மா இரு" என்று சொல்லி அனுப்புகிற செல்கள் செத்துப்போகின்றன. அவை யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தனவோ அந்த செல்கள், ஒன்றும் காதில் விழவில்லையே என்று ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கின்றன. பெரிய ஊர்களில் இதையெல்லாம் முன்பே பார்த்துவிட்டார்கள். நாம் பார்க்க வேண்டியிருந்தது உன் அப்பாவிடம்.

பார்க்கத்தான் முடியவில்லை. என் வழிகாட்டி நீண்ட விடுப்பில் போனதால் மூளை ஃபார்மலினில் அளவுக்கு மீறிக் கிடந்துவிட்டது. ஃபார்மலின் புரதங்களை முடிச்சுப் போட்டுவிடும், சாயம் பிடிக்காது. மூளையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய, ஆல்பா ஒன்றைப் பழுப்பாகக் காட்டவேண்டிய கண்ணாடிச் சில்லுகள் வெள்ளை வெளேரென்று வந்தன. வழிகாட்டி திரும்பி வந்து பார்த்துவிட்டு, "விட்டேக்கு. ஃபார்மலின் குடிச்சு மயங்கிய மூளையாணு" என்று, இதை விட்டுவிடச் சொல்லிச் சிரித்தார். பாவம், தெரியாமல் சொன்னார். செத்த பிறகும் குடிகாரன் பட்டம் விடவில்லை பார் என்று நீ வெளியே போய் நின்றாய்.

சில்லுகளைக் கொதிக்க வைத்தால் முடிச்சு அவிழும் என்று நான் ஒரு நகல் கட்டுரையில் படித்திருந்தேன். அதற்கு மைக்ரோவேவ் அடுப்பு வேண்டும், நம்மிடம் இல்லை. "சூடுதான வேணும்? குக்கருக்கு என்ன கேடு?" என்றாய். மறுநாள் பரணிலிருந்து குக்கர் பஸ் ஏறி வந்தது.

மிச்சமிருந்த சில்லுகளில் பாதியை முதல் தடவை வைத்தோம். விசில் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நீ கைகழுவப் போனாய். நான் என்ன செய்தேன்? எங்கள் அம்மா தினமும் செய்வதைச் செய்தேன். குக்கரைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று அடங்கியது, சட்டென்று குளிர்ந்ததில் உள்ளே தண்ணீர் பொங்கிக் கண்ணாடியில் ஒட்டியதைப் பிய்த்துவிடும் என்று தெரியாமல் மூடியைத் திறந்தேன். உன் அப்பா வெங்காயத் தோல் மாதிரி துணுக்குத் துணுக்காக மிதந்துகொண்டிருந்தார். கண்ணாடிகள் துடைத்து வைத்தாற்போலச் சுத்தமாக இருந்தன.

நீ வந்து பார்த்தாய். "உங்க வீட்டு சாம்பாராடி இது? இது எங்கப்பாடி" என்றாய். நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். நீ ஒரு தூரிகையை எடுத்து அந்தத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் சேர்த்தாய். ஒன்றைக்கூடச் சாக்கடைக்கு விடவில்லை. நான் அழுதேன், நீ அழவில்லை. "போதும்டி, தொட்டி ரொம்பிரும்" என்று முழங்கையால் இடித்தாய்.

இரண்டாவது தடவை, கடைசிப் பாதி. இதுவும் போனால் உன் அம்மாவிடம் காட்ட ஒன்றுமே இருக்காது. விசில் வந்ததும் நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் உன் மடியில் பிடித்துவைத்துக்கொண்டாய். "தானா ஆறட்டும்" என்றாய். சித்த நேரம் ஆனால் போதாதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீ கிள்ளிக்கொண்டே இருந்தாய். பிறகு சாயம் போட்டுவிட்டு உருப்பெருக்கியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. என்னடி, என்னடி என்று உலுக்கினேன். "வந்துருச்சுடி!" என்று நீ போட்ட சத்தத்தில் மேசைமேல் இருந்த அளவு ஜாடி விழுந்து உடைந்தது. விபத்தில் இறந்த ஒருவருடைய சில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவருடையது சாயா நிறம், உன் அப்பாவுடையது கருப்பட்டி நிறம்.

உன் அம்மா ஆய்வுக்கூடத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவர் வராவிட்டால் என்ன, நாம் போனோம். கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பார்க்கிற பழைய உருப்பெருக்கி ஒன்றைக் கேட்டு வாங்கி, கலூரில் பஸ் பிடித்து, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தோம். மத்தியானச் சாப்பாட்டு வேளை. கிடங்கு முற்றத்தில் சுக்குக் குவியலுக்கு நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உருப்பெருக்கியை வைத்தாய். சுக்குத் தூசியில் நான் தும்மித் தள்ளினேன்.

உன் அம்மா முதலில் அந்த இன்னொருவருடையதைப் பார்த்தார். அப்புறம் அப்பாவுடையதை.

"இதுல மட்டும் ஏன் இம்புட்டுக் கருப்பு?"

"அது காதும்மா. சும்மா இரு, சும்மா இருன்னு சொல்லிக்கிட்டே இருக்கிற செல்லு உள்ள இருக்கும். அப்பாவுக்கு அது செத்துப்போச்சு. கேக்குற செல்லு, ஒண்ணும் கேக்கலையேன்னு காதக் கூட்டிக் கூட்டி வச்சிருக்கு."

"குடிச்சதால செத்துச்சா?"

"இல்லம்மா. பொறக்கும்போதே கூட வந்த சீக்கு இது. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவர் மறுபடி குனிந்தார். எவ்வளவு நேரம் பார்த்தார்! எழுந்தபோது முகம் நனைந்திருந்தது. "அப்ப உள்ள அடக்குறதுக்கு ஆளில்லாமத்தான் அந்த மனுசன் ஆடுனாரா? நான் வெளிய நின்னு அடங்கு அடங்குன்னு கத்துனேனே! ஒரு நாள் சோறு போட்டு மொகத்தப் பாக்கலயே!" என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூப்பனைப் பார்த்துக் கைநீட்டினார் பார், அதை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியும். "யோவ் மூப்பா, இங்க வா. வந்து குனிஞ்சு பாரு. குடிகாரன்னு சொன்ன வாய்தான, பாத்துட்டுச் சொல்லு." மூப்பன் தலைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்து, "க்ஷமிக்கணும் சேச்சி" என்றார். பிறகு அத்தனை பெண்களும் வரிசையில் நின்று பார்த்தார்கள். அன்று சாப்பாட்டு வேளை முடிந்தும் வெகுநேரம் யாரும் சுக்கைத் தொடவில்லை.

சில வருஷம் கழிந்தது. உனக்கும் அந்த நோய் உண்டா என்று நீ பரிசோதனை செய்துகொள்ளவே இல்லை. தெரிந்துகொண்டால் சோறு சீக்கிரம் வேகுமா என்று கேட்டாய். ஒரு நாள் தூரிகையை என்னிடம் நீட்டினாய். உன் விரல் துள்ளியது. "இனிமே நீயே எடு. ஆனா குக்கர்கிட்ட மட்டும் போயிராத" என்றாய். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அந்தப் பஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். தோப்பும்படியில் ஏறினோம். நீ நிற்க முடியாமல் ஆடி ஒரு ஆள்மேல் சாய்ந்தாய். கண்டக்டர் சின்னப் பையன், வழிக்குப் புதிது. "ராவிலே தன்னே அடிச்சிட்டாணோ சேச்சி?" என்றான். காலையிலேயே ஊற்றிக்கொண்டாயா என்று. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து, காலி மீன்கூடையை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் எழுந்தாள். "அறிஞ்ஞூடெங்கில் மிண்டாதிரிக்கெடா! அது கள்ளல்ல. தலைக்குள்ளே அடக்கான் ஆளில்லாத்த அசுகமா. அவள்டெ அச்சனும் இதாயிருந்நு." தெரியாவிட்டால் வாயை மூடு, இது கள் இல்லை, தலைக்குள் அடக்க ஆளில்லாத நோய், இவள் அப்பாவுக்கும் இதுதான் இருந்தது என்று அவனை அதட்டினாள். மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் உன் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

அவள் யார் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று சுக்குக் கிடங்கில் வரிசையில் நின்று பார்த்த பெண்களில் ஒருத்தியும் இல்லை. குழறுகிற நாக்கோடு நீ என் காதில் சொன்னாய்: "ஆல்பா ஒண்ணு பஸ்ல ஏறிருச்சுடி." அன்று மட்டாஞ்சேரி வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் இந்த முறை யாரும் குதிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. உன் அம்மாதான் உன் நெற்றியைத் தடவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "எடுத்துட்டுப் போ பாப்பா. நல்ல தல. பாத்து, கொழாயடிக்குக் கொண்டு போயிராத."

இப்போது தெரிகிறதா, இன்று ஏன் கத்தினேன் என்று? குக்கரில் இருந்தது நீ.

அந்தப் பெண் பயந்துபோய் அதை மேசையில் வைத்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கைகளை என் மடியிலேயே பிடித்துவைத்துக்கொண்டேன். தானாக ஆறட்டும் என்று இருந்தேன். கிள்ளுவதற்கு ஆளில்லாமலே இருந்தேன், நம்புவாயா? ஒரு சில்லுகூடக் கழன்று போகவில்லை. சாயம் போட்டுக் குனிந்து பார்த்தேன். அப்பாவுடையதைப் போலவே, அதே கருப்பட்டி நிறம்.

வந்துருச்சுடி.