கொள்ளிடம் தாண்டாத தலைப்பிரசவம்

சம்பந்தியம்மா, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிளறுகிறார்கள். சுக்கும் ஓமமும் கருப்பட்டியில் வேகும் வாசனை காலையிலிருந்து நம் கூடத்தில் நிற்கிறது. உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் கிளறும் லேகியம் எப்போதும் அடிப்பிடித்துத்தான் இருக்கும். அன்றைக்கே சொல்லியிருப்பேன், அப்போது சண்டைக்கு வேறு விஷயம் இருந்தது.

வளைகாப்பு முடிந்த கையோடு உங்கள் மகளை அழைத்துப்போக வேனோடு வந்திருந்தீர்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் உங்கள் ஊர். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது உங்கள் உரிமை. நான் அனுப்ப மாட்டேன் என்றேன்.

"எம் பொண்ணுக்குப் போட எங்க வீட்டுல சோறு இல்லன்னு நினைச்சீங்களா சம்பந்தி?"

"சோறு இருக்கும். கல்யாணப் பந்தியில எனக்கு அப்பளம் வரலையே, அதான் யோசிக்கிறேன்."

"அந்த அப்பளத்த நீங்க இன்னும் விடலையா?"

"வந்திருந்தா விட்டிருப்பேன்."

உண்மைக் காரணத்தை என் வாயால் சொல்ல முடியவில்லை. அது உங்கள் மகள் சொல்லவேண்டிய சங்கதி. எங்கள் ஊர்ப்பக்க ஆஸ்பத்திரியில் மாசமாக வருகிறவர்களுக்கு எடை, பிரஷர் பார்க்கும் அறையிலேயே எச்.ஐ.வி.க்கும் ரத்தம் சோதிப்பார்கள். அவளைத் தனியே உட்காரவைத்து, கிருமி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவளே என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகுதான் என் மகன் வாயைத் திறந்தான். துபாயில் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று வந்து நின்றவன், உண்மையில் அங்கே மெடிக்கல் சோதனையில் இதே கிருமி தெரிந்து திருப்பி அனுப்பப்பட்டவன். தெரிந்துகொண்டே அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறான்.

வலி எடுத்ததும் தாய்க்கு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்குச் சொட்டு மருந்து, இரண்டும் பிரசவ வார்டிலேயே இருக்கும், பிள்ளைக்குக் கிருமி போகாமல் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி இல்லை. பிரசவம் ஒரு இடம், இந்த மருந்துக்குப் பெரிய போர்டு மாட்டிய வேறு கட்டடம். வலி எடுத்தவள் இரண்டு வாசல் ஏறி இறங்குவாளா? அந்த வாசலில் நின்றாலே பொழுது சாய்வதற்குள் மீன் மார்க்கெட்டுக்குச் செய்தி போய்விடும்.

உங்கள் மகள் உங்களைக் கொல்லைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். திரும்பி வந்ததும் நீங்கள் என் மகன் சட்டையைப் பிடிப்பீர்கள் என்று நினைத்தேன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தான். அவனைத் தாண்டி என்னிடம் வந்தீர்கள்.

"மருந்து இங்க நிச்சயமாக் கிடைக்குமா?"

"கிடைக்கும். அதே வார்டு, அதே நர்சம்மா."

"அப்ப நான் இங்கயே இருக்கேன்." வேனை அனுப்பிவிட்டீர்கள்.

பேரப்பிள்ளை பிறக்கும்வரை பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது உங்கள் வழக்கம். அதற்காக ஊரிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் அரிசியும் வரவழைத்துக் கொல்லையில் தனியே சமைத்தீர்கள். உங்கள் மீன்குழம்பு வாசனையில் என் சாம்பார் எடுபடவில்லை. ஊர் கேட்டபோது, "ஜாதகத்துல கண்டம் இருக்காம், கொள்ளிடம் தாண்டக் கூடாதாம்" என்று கூசாமல் சொன்னீர்கள். அந்தப் பொய்யைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி தன் மகளின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடினாள்.

வார்டில் எல்லாருக்கும் நடுவில்தான் அவளுக்கும் கட்டில். தலைமாட்டில் ஒரு அடையாளமும் மாட்டவில்லை. தொப்புள்கொடி வெட்டிய நர்சம்மாவே குழந்தை வாயில் மருந்தையும் விட்டார். அடுத்த கட்டில்காரி என்ன மருந்து என்றாள். "டாக்டர் குடுக்கச் சொன்னது, நீ உம் புள்ளையப் பாரு" என்று அவள் வாயை அடைத்தீர்கள்.

ஒன்றரை வயதில் கடைசிச் சோதனை. பிள்ளைக்குக் கிருமி இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அழுதீர்கள். நானும் அழுதேன், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து.

கண்மூடும்வரை என் மகனிடம் அதைப்பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுக்காமல் ஒருநாள் நானே சொன்னேன்: "வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன் சம்பந்தி."

"திட்டினா எம் மனசு ஆறிடும். ஆற வேணாம்" என்றீர்கள்.

பேத்தி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். உங்கள் மகள் மாதாமாதம் தனக்கும் அவனுக்கும் மாத்திரை வாங்கி வருகிறாள். அவனோடு சிரித்துப் பேசவும் செய்கிறாள், அது அவள் இஷ்டம். அவனுடைய மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தினம் நான்தான் எடுத்துவைக்கிறேன். அவன் விழுங்குகிறவரை நின்று பார்க்கிறேன். நானும் அவனை இன்னும் திட்டவில்லை.