சுவருக்கு இந்தப் பக்கத்துப் பாட்டு

அம்மா,

இன்று சாயங்காலம் என் வலது காதில் மறுபடியும் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அத்தை பார்த்துவிட்டாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, செவுத்துல காத வச்சியா?"

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"உங்கம்மா போயி இன்னும் வருஷம் திரும்பல. அதுவரைக்கும் இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? உங்கப்பன் தலவலின்னு படுத்திருக்கான், அதனால விட்டேன். விடிஞ்சதும் சொல்றேன். எட்டாவது போதும், வீட்டுல இருந்து அடுப்படிய பாக்கட்டும்னு அவனே சொல்லுவான்."

அப்பா அப்படிச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நீ போனபிறகு அவர் என்ன நினைக்கிறார் என்றே தெரிவதில்லை. மரக்கடையிலிருந்து நேரத்தோடு வந்துவிடுகிறார். வாசல் அறையில் சுவரோரமாகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார். அத்தை எது சொன்னாலும் "சரிக்கா" என்கிறார். இதற்கும் "சரிக்கா" என்றுவிட்டால் என் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

அத்தை தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கைத் தணித்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் இதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முன்பெல்லாம் காதில் சுண்ணாம்பு ஒட்டினால் நீ முந்தானை நுனியை நாக்கில் தொட்டுத் துடைத்துவிடுவாய். எனக்கு வலது காது, உனக்கு இடது காது. ஒருவரை ஒருவர் பார்த்தபடி சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்போம். உன் மூச்சு என் நெற்றியில் படும். அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்காவின் ரேடியோ. நம் வரிசையில் ஒட்டி ஒட்டி இத்தனை வீடுகள் இருந்தும் அவர்கள் வீட்டில்தான் கரண்டும் ரேடியோவும். ஆனால் அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தான் அவளே கேட்க வேண்டும். தான் இல்லாதபோது யாரும் அதைத் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ரேடியோவின் தலையில் கை வைத்துப் பார்ப்பாராம், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. சூடு இருந்தால் மாட்டிக்கொள்வாள். அதனால் அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அணைத்துவிட்டு விசிறியால் விசிறி ஆற்றிவைப்பாள். எது நமக்குப் பிடித்த பாட்டோ அது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். பல்லவி முடியும், நடுவில் வயலின்கள் வரும், அடுத்த வரிக்கு வாய் திறக்கும்போது டப்பென்று நின்றுவிடும்.

நான் அழுவேன். "மீதி எங்கம்மா?" என்பேன்.

"இரு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நீ அடுப்படிக்குப் போவாய். மாவு பிசைந்துகொண்டே மெதுவாகப் பாட ஆரம்பிப்பாய். அப்படித்தான் எனக்கு எல்லாப் பாட்டும் முழுதாகக் கிடைத்தது.

பாட்டு மட்டுமா. மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்ததும் பருப்பை அப்புறம்தான் பார்ப்பாய். முதலில் காகிதம். சினிமாப் பத்திரிகைக் கிழிசல் வந்தால் உனக்கு அன்று திருவிழா. யாருக்கு யார் குரல் கொடுத்தார், எந்தப் பாட்டை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள் என்றெல்லாம் படித்துச் சொல்வாய். நல்ல இடத்தில் காகிதம் முடிந்துவிடும். "மீதி யார் வீட்டு மொளகாயோட போச்சோ" என்பாய். மறுநாள் நல்லியடியில் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஸ்டெல்லா அக்காவிடம் கேட்பாய். அவளிடம் வேறொரு கிழிசல் இருக்கும். தண்ணீர் வருவதற்குள் இரண்டையும் சேர்த்து எப்படியோ ஒரு விஷயம் ஆக்கிவிடுவீர்கள்.

ஒருநாள் சுவரில் காதை வைத்தபடியே, "இந்தம்மாவுக்கு ஜலதோஷம், கவனி. மூக்கால வருது பாரு" என்றாய்.

"ரெக்கார்டுதானேம்மா இது? இன்னிக்கா ஜலதோஷம்?"

"பாடின அன்னிக்குடி. பாவம், வெந்நீராவது குடுத்தாங்களோ என்னமோ."

யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அன்று முழுக்க நீ வருத்தப்பட்டாய்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் டிபன் நேரத்தில் நாங்கள் சிலர் மரத்தடியில் உட்கார்ந்து பாடுவோம். ஒருத்தி முதல் வரியை முணுமுணுப்பாள், மற்றவள் பாட்டைச் சொல்ல வேண்டும், அதைப்பற்றி ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். உன் பொட்டல விஷயங்களால் எனக்கு அங்கே நல்ல பெயர். நீ போய், காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடி வந்தபோது, என்னைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று கமலா உனக்குப் பிடித்த அந்த நிலாப் பாட்டை ஆரம்பித்தாள். நான் பல்லவியைப் பாடினேன். நிறுத்த மனமில்லாமல் சரணத்தையும் பாடினேன்.

"நல்லித் தண்ணிக்கு நீயும் வரிசையில் நின்றாயோ,
நேரம் போனபின் என் சன்னல் வந்தாயோ."

கமலா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னடி இது? நெலா எதுக்கு நல்லிக்கு வருது?"

"பாட்டுல அப்படித்தான் இருக்கு."

"மெட்ராஸ்காரங்க எழுதின பாட்டுடி. அவங்க கொழாய்னுதான் சொல்லுவாங்க. நல்லின்னு நம்ம ஊர்ல கன்னடத்துல சொல்றது. எங்கண்ணன் பாட்டுப் புஸ்தகம் வச்சிருக்கான், அதுல இந்த வரியே இல்ல. நீயா கட்டிவிட்டியா?"

முதலில் உன்மேல் கோபம் வந்தது, அம்மா. எல்லார் முன்னாலும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே என்று. அப்புறம் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக மனசுக்குள் பாடிப் பார்த்தேன். மழைப் பாட்டின் சரணத்தில் கொடியில் காயும் பாவாடை வருகிறது. ஓடக்காரன் பாட்டில் நம் ஜீவனஹள்ளித் தெருச் சேறு மாதிரி ஒரு சேறு வருகிறது. பிரிவுப் பாட்டில் ஒருத்தி ராகிக் களியை ஆறவிட்டுக் காத்திருக்கிறாள். எந்தப் பாட்டிலும் ரேடியோ நின்ற இடத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் நீ. என் தலைக்குள் இருக்கும் பாட்டுகளில் பின்பாதி முழுக்க உன்னுடையது. அன்று நான் கணக்கில் ஒன்றுகூடச் சரியாகப் போடவில்லை.

இப்போது இன்றைக்கு நடந்தது. நல்லியடியில் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேடியோவ அந்தச் செவுத்தோரமா நவுத்தி வச்சதே உங்கம்மாவுக்காகத்தான் கண்ணு. எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, நீ ஏன் எப்ப பாத்தாலும் கண்ணு கலங்கி நிக்கறேன்னு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரேடியோ மேல கைய வச்சுப் பாத்தாரு. அப்புறம், 'இனிமே அணைக்காத, அந்தப் பொண்ணு முழுசா கேக்கட்டும்'ன்னாரு. இன்னிக்கு உங்கம்மா பாட்டு வருதாம். கேளு."

சாயங்காலம் அத்தை கொல்லையில் இருந்தபோது சுவரில் காதை வைத்தேன். எதிரே நீ நின்ற இடத்தில் வெறும் சுவர். நிலாப் பாட்டு வந்தது. பல்லவி முடிந்தது, வயலின்கள் வந்தன. டப்பென்று நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் பாடுகிறவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது.

நான் காதை எடுத்துவிட்டேன். இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு உன் வரியை எனக்குள்ளேயே பாடினேன். உண்மையான வரியைக் கேட்டுவிட்டால் உன்னுடையது போய்விடும் என்று பயமாக இருந்தது. அத்தையிடம் இருக்கும் பயத்தைவிட அது பெரிய பயம். ஸ்டெல்லா அக்கா எனக்காகக் கேட்டு வாங்கியதை நான் கேட்கவே இல்லை. ஆனாலும் காதில் சுண்ணாம்பு மட்டும் ஒட்டிவிட்டது.

அம்மா, பாதியில் எழுந்துபோக வேண்டியதாகிவிட்டது. இப்போதுதான் மறுபடி உட்கார்ந்தேன்.

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். காகிதத்தை மறைக்க நேரமில்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் விளக்கைத் தூக்கி என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். என் காதைப் பார்த்தார். துடைக்க மறந்திருந்தேன்.

நானும் அவரைப் பார்த்தேன். வாசல் அறையிலும் அதே சுவர்தான்; அதை ஒட்டிச் சும்மா படுத்திருப்பவருக்கு முதுகில்தான் சுண்ணாம்பு ஒட்டும். அப்பாவுக்கு இடது காதில் ஒட்டியிருந்தது, உனக்கு ஒட்டுவதுபோலவே.

அவர் அத்தை படுத்திருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அத்தைக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"உங்கம்மா அடுப்படில பாடுவாளே, அந்தப் பாட்டுல நல்லி வரவே இல்லியேம்மா?"

"அது அம்மா போட்டதுப்பா."

"அம்மா போட்டதா?"

"மீதி எல்லாமே அம்மா போட்டதுதான்."

அப்பா விளக்கைக் கீழே வைத்துவிட்டு அரிசி டின்னில் சாய்ந்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டுமாக இருந்தது.

"எங்க, அந்த நல்லி வரிய ஒருதரம் சொல்லு. மெதுவா."

சொன்னேன். இரண்டாவது தடவை அவரும் கூடவே சொன்னார், ராகமே இல்லாமல். எழுந்து போகும்போது துண்டின் நுனியை நாக்கில் தொட்டு என் காதைத் துடைத்துவிட்டார்.

"அக்கா காலைல சொன்னா சொல்லட்டும். நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு" என்றார்.

தன் காதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தக் காகிதத்தை அடுப்பில் போடப் போவதில்லை, அம்மா. நாளைக்கு ஸ்டெல்லா அக்காவிடம் சொல்வேன், பாட்டை முழுதாகவே போடச் சொல்லி. மெட்ராஸ்காரர்கள் வரியையும் கேட்டுக்கொள்கிறேன். உன் வரி இனி போகாது. அப்பாவுக்கும் தெரியும்.