பேர் சொல்லாத புத்தகம்

மாசி 4, திங்கள்

காலையிலேயே சுள்ளுனு வெயில். அச்சாபீஸ் வாசல்ல சூடத்தைக் கொளுத்தி, எழுத்துக் கோக்குற கம்பாசிட்டர் எங்க நாலு பேரையும் சத்தியம் பண்ண வெச்சார் முதலாளி. வரப்போற நாவலைப் பத்தி வெளியில மூச்சு விடக்கூடாது. கையெழுத்துப் பிரதியைக் கத்தரியால துண்டு துண்டா வெட்டி, கலைச்சு, ஆளுக்குக் கொஞ்சம். முழுக்கதை ஒருத்தனுக்கும் தெரியக்கூடாதாம். புத்தகத்தோட பேரைக்கூட எங்களுக்குச் சொல்லல. எனக்கு வந்த துண்டுல ஒரு கல்யாணப் பந்தல், ஒரு போலீஸ்காரன், பாதி அழுகை. சிரிப்புதான் வந்துச்சு.

வாங்கணும்: சீயக்காய், மூக்குப்பொடி, செருப்புக்கு வார்.

மாசி 6, புதன்

விளம்பர வண்டி கிளம்பியாச்சு. குதிரை வண்டியில ரெண்டு தவுல். நோட்டீஸ்ல "வருகிறது! வருகிறது! பேரைச் சொல்ல மாட்டோம்!" அம்புட்டுதான். புதுமண்டபத்துப் புத்தகக் கடையில ஒருத்தர், "பேரே இல்லாம ஒரு புக்கு வருதாமே அண்ணே, எனக்கு ஒண்ணு எடுத்து வெய்யி."

நாவல் எழுதினவர் வந்திருந்தார். ஐப்பசி மழையில நாலு நாள் என் பக்கத்துல ஸ்டூல் போட்டு, காபி வாங்கிக் குடுத்து, ஊர்க்கதையெல்லாம் கேட்டாரே, அவர்தான். இன்னைக்கு என் முகத்தையே பாக்கல. வேலை மும்முரம்னு நெனச்சுக்கிட்டேன்.

மாசி 9, சனி

கை ஓடல. இன்னைக்கு வந்த துண்டு: ரஞ்சிதம்னு ஒரு பொண்ணு, நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரனோட ரயிலேறிடுறா. கொடைரோடு ஸ்டேஷன்ல அண்ணன்காரன் பிடிச்சு, பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுறான். பச்சைக்கல் தோடு ஒண்ணை ஆர்மோனியக்காரன்கிட்ட ஞாபகமாக் கழட்டிக் குடுத்திருக்கா. வைகையில குளிக்கறப்போ போச்சுன்னு வீட்டுல சொல்லச் சொல்லிக் குடுக்குறதும் அண்ணன்தான்.

அந்த அண்ணன் நான். ரஞ்சிதம் என் தங்கச்சி பேச்சி. ஐப்பசியில காபி குடிச்ச வாய்க்கு எல்லாத்தையும் கக்கியிருக்கேன். பேரை மட்டும் சொல்லல. பேரை வெச்சுத்தானா கண்டுபிடிப்பாங்க, தோடு போதாதா! பேச்சியை வாடிப்பட்டியில குடுத்து மூணு வருசம் ஆச்சு. மாப்பிள்ளை தங்கமான மனுசன். வைகையில போச்சுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நம்பிக்கிட்டு இருக்கார். என் வாயில மண்ணை அள்ளிப் போட.

மாசி 11, திங்கள்

எழுத்துக் கோக்குறப்போ தோட்டை மூக்குத்தி ஆக்கிட்டேன். வைகையைக் கிணறு ஆக்கிட்டேன். புரூப் பாக்கறவர் ரெண்டையும் சுழிச்சு அனுப்பிட்டார். "தூங்கிக்கிட்டே கோத்தியாப்பா?" திரும்பவும் தோடு, திரும்பவும் வைகை. என் கையாலயே.

மாசி 12, செவ்வாய்

எழுதினவர்கிட்ட கெஞ்சினேன். "அது உன் தங்கச்சி இல்லப்பா, என் ரஞ்சிதம்"னார். சிரிச்சுக்கிட்டே சொல்றார்.

முதலாளிகிட்ட போனேன். தோடு வர்ற நாலு வரியை மட்டும் எடுத்துடுங்க, மொதலாளி, கதை கெடாது. அவர் கேட்ட ஒரே கேள்வி: "முன்னும் பின்னும் கதை உனக்கு எப்படித் தெரியும்? அடுத்தவன் துண்டைப் பாத்தியா?" எங்க வீட்டுக் கதைன்னு சொன்னா பேச்சி பேரு போச்சு. சொல்லாட்டி நான் சத்தியம் மீறின பய. ஆமான்னு மண்டையை ஆட்டி, திட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

ராத்திரிக்கு மோர் மட்டும்.

மாசி 15, வெள்ளி

காளவாசல் சுவத்துலயெல்லாம் நாவல் விளம்பரப் படம் ஒட்டியிருக்கான். பொம்பளை முகம். ஒரு காதுல தோடு, ஒரு காது மூளி. கீழ, "இன்னொரு தோடு எங்கே?" சின்னப் பிள்ளைக வரைக்கும் அதைக் கேட்டுச் சிரிக்குதுக. ரெண்டு படத்தைக் கிழிச்சேன். மூணாவது எட்டல.

மாசி 18, திங்கள்

மாப்பிள்ளை கார்டு போட்டிருக்கார். "மச்சான் அவர்களுக்கு. இங்கே பஸ் நிக்கிற இடத்துல உங்க புஸ்தகப் படம் பாத்தோம். நம்ம பேச்சி தோடும் ஒண்ணு வைகையில போச்சே, அதுதானோ என்று வீட்டில் ஒரே சிரிப்பு. புஸ்தகம் வந்ததும் எடுத்துக்கிட்டு வந்து நீங்களே வாசிச்சுக் காட்டணும். பேச்சிக்கு ரொம்ப ஆசை."

பேச்சியும் சிரிச்சாளாமா?

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடுதாசி போட்டாலும் மாப்பிள்ளைதான் படிச்சுச் சொல்லணும்.

மாசி 22, வெள்ளி

வெளியாயிருச்சு. தெரு கொள்ளாத கூட்டம். மத்தியானத்துக்குள்ள கடையில ஒண்ணுகூட இல்ல. முதலாளி எங்க எல்லாருக்கும் லட்டு குடுத்தார். தின்னேன்.

மாசி 24, ஞாயிறு

வாடிப்பட்டி. வாசல்ல பாய் விரிச்சு, தெருவே உக்காந்திருக்கு. "எங்க மச்சான் கோத்த எழுத்து"ன்னு மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கல. பேச்சிகிட்ட ஒரு வார்த்தை தனியாச் சொல்ல விடல, அவ மாமியாக்காரி பக்கத்துலயே நிக்குது.

வாசிச்சேன். ரயில் வர்ற இடத்துல ரெண்டு பக்கத்தைச் சேத்துப் புரட்டிட்டு, வாயில வந்ததைச் சொல்லி ஒப்பேத்தினேன். பக்கத்து வீட்டு வாத்தியாரும் ஒரு புத்தகம் வாங்கி மடியில வெச்சுப் பாத்துக்கிட்டு வந்திருக்கார். எனக்குத் தெரியல. "என்னங்க, ரெண்டு பக்கத்தை விட்டுட்டீங்களே"ன்னார்.

"மச்சானுக்குக் கண்ணு அசந்துருச்சு. குடுங்க, நான் படிக்கிறேன்." மாப்பிள்ளை வாங்கிக்கிட்டார். சத்தமா, ஒரு எழுத்து விடாம. வைகை வந்ததும் நிறுத்தினார். "அப்புறம்?"னு கேட்டார் வாத்தியார். மறுபடி படிச்சார், அந்த அத்தியாயம் முடியற வரைக்கும். சத்தம் மட்டும் இறங்கிப்போச்சு.

பேச்சி டம்ளர்களை எடுத்துக்கிட்டு உள்ள போனா. திரும்பி வரல.

பஸ்ஸுக்கு என் பையை அவரே தூக்கிக்கிட்டு வந்தார், எப்பவும் போல. பஸ் வந்து நின்னதும் கேட்டார்: "இதை எழுதினவருக்கு யாரு சொன்னா, மச்சான்?"

பையை வாங்கிக்கிட்டு ஏறிட்டேன்.